ஏத்துக்கை ஆதியம்மாள்

புலவர் சுப்புராமன் 'ஏற்றுக்கை: ஒரு சொல்லின் வரலாறு' என்று முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு புத்தகம் போட்டிருக்கிறார். அதில் ஒரு பக்கம்கூட உண்மை கிடையாது. அட்டையில் அச்சடித்த விலை ஒன்றுதான் உண்மை, அதையும் கொடுத்து வாங்கியவர் யாரும் இல்லை. பல்லவர் காலத்தில் மாமல்லபுரத்துத் துறையில் யானைகளை மரக்கலத்தில் ஏற்றிவிட்ட வீரர்களுக்கு ஏற்றுக்கையர் என்று பெயர் இருந்ததாம். யானையைக் கையால் ஏற்றினார்களாம். செங்கல்பட்டில் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த மனிதர், கொஞ்சமும் கூசாமல் எழுதியிருக்கிறார்.

அந்தச் சொல் கை மாறிய கதையை நேரில் அறிந்தவர்கள் இரண்டே பேர். இரண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. ஒருத்தி ஆதியம்மாள், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் குப்பத்திலிருந்து கருவாடு விற்கப் போனவள். இன்னொருத்தி செங்கம்மாள், திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் ஏரிக்கரையை ஒட்டிய காலனியிலிருந்து அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போனவள். இது ஆதியம்மாளின் கதை. அவள் செய்த கேவலமும் இதில் உண்டு. அதை மறைத்துச் சொன்னால் எனக்கும் புலவருக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும்.

கங்காதரனுக்கு வாழ்க்கைப்பட்டு ஆதியம்மாள் அந்தக் குப்பத்துக்கு வந்தபோது வயது பதினேழு. வந்த மூன்றாம் மாதமே மாமியார் அவள் தலையில் கூடையை ஏற்றி மேற்கே அனுப்பிவிட்டாள். கங்காதரன் கட்டுமரத்தில் போய்ப் பிடித்து வருவதில் கரையில் விற்றது போக மிச்சத்தை உப்பிட்டு மணலில் காயவைத்துக் கருவாடாக்க வேண்டும். அதை உள்ளே இருக்கிற ஊர்களில் நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் மாற்றிவர வேண்டும். விடிந்ததும் கால்வாயைக் கடந்தால் ஐந்தாறு மைல் நடை. நிறைந்த கூடையைத் தனியாளாகத் தூக்கித் தலையில் வைக்க முடியாது. குப்பத்தில் யாராவது ஏற்றி விடுவார்கள். போன இடத்தில் இறக்கி வைத்தால், திரும்ப ஏற்ற இன்னொரு ஜோடிக் கை வேண்டும்.

முதல் நாளே இதில் மாட்டிக்கொண்டாள். ஊர்த் தெருவில் கூடையை இறக்கியதும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். வாளையைக் கிள்ளிப் பார்த்தார்கள், நெத்திலியை முகர்ந்து பார்த்தார்கள், பேரம் பேசி முறத்தில் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். கூடையை ஏற்றி விட ஒருத்தியும் வரவில்லை. கருவாட்டைத் தின்னலாம், அது வந்த கூடையைத் தொட்டால் கௌரவம் போய்விடும். வெயில் உச்சிக்கு ஏறியது. யாரைக் கேட்டாலும் காது கேட்காத மாதிரிப் போனார்கள். முக்கால் கூடை சரக்கு அப்படியே இருந்தது. வேறு வழியில்லாமல் கூடையை மண்ணில் இழுத்துக்கொண்டே தெருக்கோடிக்கு வந்து, சாலையோரம் உட்கார்ந்து அழுதாள்.

களையெடுத்துவிட்டு முழங்கால்வரை சேற்றோடு போய்க்கொண்டிருந்த செங்கம்மாள் நின்று பார்த்தாள். ஆதியம்மாளைவிட நாலைந்து வயது மூத்தவள்.

"இன்னாத்துக்கு அழுதுகினு கீறே? ஏத்துக்கைன்னு கூப்டு, வரேன்," என்றாள்.

ஆதியம்மாள் விழித்தாள். செங்கம்மாள் சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே விளக்கினாள். அறுப்பு வயலில் கதிர்க்கட்டுகளை ஆட்களின் தலையில் ஏற்றி விடுவதற்கென்றே ஒருத்தி நிற்பாள், அவளுக்கு ஏத்துக்கை என்று பேர். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால், பேச்சுவார்த்தை இல்லாத பகையாளியே கூப்பிட்டாலும், மாட்டேன் என்று சொல்லக் கூடாது. கூப்பிடாமல் தானாகக் கை வைக்கவும் கூடாது. வைத்தால், உனக்குச் சுமக்கத் தெம்பில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. இரண்டு பேரும் எதிரெதிரே குந்தி, முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரே மூச்சில் எழுந்திருக்க வேண்டும். அதற்குக் கூலி கிடையாது, உபசார வார்த்தை கிடையாது.

"எங்கம்மா தான் எங்க வயல்ல ஏத்துக்கை. அத்தினி பேர் தலைக்கும் தூக்கி வுட்டுட்டு, அவ கட்டுக்கு ஆள் இல்லாம கடைசி வரிக்கும் வரப்புல குந்திகினு இருப்பா. சரி, கூப்டு," என்றாள் செங்கம்மாள்.

ஆதியம்மாள் கூப்பிட்டாள். கூடை தலைக்கு ஏறியது.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம். ஊர்த் தெருவில் அவள் கூடையை இறக்குவதையே விட்டுவிட்டாள், நின்றபடியே எடுத்துக் கொடுத்தாள். ஏரிக்கரைக்கு வந்துதான் இறக்குவாள். செங்கம்மாள் ஏற்றி விடுவாள். அவள் வேலைக்குப் போயிருந்தால் காலனியில் வேறு யாராவது வருவார்கள். ஆதியம்மாள் அந்த வார்த்தையைக் குப்பத்துக்குக் கொண்டுவந்தாள். அங்கே மற்றப் பெண்களும் பிடித்துக்கொண்டார்கள், பிறகு கட்டுமரத்தைக் கரையேற்றுகிற ஆண்களும் பிடித்துக்கொண்டார்கள். எங்கிருந்து வந்த வார்த்தை என்று யாரும் கேட்கவில்லை. அவளாகவும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அவள் முதல் ஏழு வருஷம் செங்கம்மாள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. கூடையைத் தொடலாம், சொம்பைத் தொட மாட்டாள். ஊர்த் தெரு தன்னிடம் செய்ததையே தானும் செய்கிறோம் என்று அவளுக்கு உறைக்கவில்லை. எட்டாம் வருஷம் ஒரு சித்திரை வெயிலில் ஏரிக்கரையில் மயங்கி விழுந்தாள். செங்கம்மாள் தலையை மடியில் தூக்கி வைத்துச் சொம்புத் தண்ணீரை வாயில் ஊற்றினாள். அதுவரை 'செங்கம்மா' என்று பேர் சொல்லிக் கூப்பிட்டவள் அன்றிலிருந்து 'அக்கா' என்று கூப்பிட்டாள். குப்பத்தில் அதையும் சொல்லவில்லை.

இப்படியே போயிருக்கும். எழுபத்தேழில் உலகநாதன் வந்தார்.

உலகநாதன் செங்கல்பட்டுக் கோர்ட்டில் வக்கீல். அவசரநிலை முடிந்து வாய் திறக்கலாம் என்று ஆனதும் முதலில் திறந்த வாய்களில் அவருடையதும் ஒன்று. அந்தச் சமயம் ஒரு ஓட்டல் கம்பெனி குப்பத்தார் கருவாடு காயப்போடும் மணல்வெளியைக் கேட்டுக்கொண்டிருந்தது. அங்கே போகிற சாலையை அகலப்படுத்த ஏரிக்கரைப் புறம்போக்கு வேண்டும், அதில்தான் காலனி இருந்தது. குப்பத்தாரும் காலனிக்காரர்களும் சேர்ந்து நின்றால் இரண்டையும் காப்பாற்றலாம் என்றார் உலகநாதன். நல்ல யோசனைதான். நல்ல யோசனைகள் இப்படிப்பட்ட ஆட்களின் கையில் போய் மாட்டுவதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அவருடைய ஜீப் ஏரிக்கரையில் சூடேறி நின்றது. டிரைவர் தண்ணீர் மொள்ளப் போனான். அப்போது ஆதியம்மாள் கூப்பிட, செங்கம்மாள் வந்து கூடையை ஏற்றி விட்டாள். உலகநாதன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப என்னமோ சொல்லிக் கூப்பிட்டியேம்மா, என்ன அது?" என்று ஆதியம்மாளைக் கேட்டார்.

"ஏத்துக்கைன்னேன் சார்."

"யாரு சொல்ற வார்த்தை?"

"இங்க எல்லாரும் சொல்றது தான்," என்றாள் அவள். தலையில் பாரம். நின்று பேச நேரமில்லை.

உலகநாதன் சிகரெட் பெட்டியின் அட்டையைக் கிழித்து எழுதிக்கொண்டார். கையைத் தட்டிக்கொண்டு பக்கத்தில் நின்ற செங்கம்மாளை அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முழு வரலாறும் கிடைத்திருக்கும், புலவருக்கும் யானைக்கும் வேலையே இருந்திருக்காது.

பத்து நாளில் 'ஏற்றுக்கை முன்னணி' பிறந்துவிட்டது. ஏத்துக்கை என்பது கொச்சை என்று ஏற்றுக்கை ஆக்கியவர் சுப்புராமன். ஸ்டூடியோக்காரர் ஒருவர் வந்து ஏரிக்கரையில் இருவரையும் நாலு தடவை கூடையை ஏற்றி இறக்கச் சொல்லிப் படம் பிடித்தார். படாளத்திலிருந்து பொத்தேரி வரைக்கும் ஜி.எஸ்.டி. சாலைச் சுவர்களில் அது ஒட்டப்பட்டது. ஆதியம்மாள் தலையில் கூடையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உலகநாதன் கைகூப்பி நின்றார். செங்கம்மாளை வெட்டி எடுத்துவிட்டார்கள். கூடையின் விளிம்பைப் பிடித்திருந்த அவள் கைகளை மட்டும் வெட்ட முடியவில்லை, அவை மணிக்கட்டோடு அந்தரத்தில் நின்றன. காலனி எதிரே ஒட்டியிருந்ததைச் செங்கம்மாள் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"என் வளையல் கீது. நான் எங்க?" என்று சிரித்தாள். ஆதியம்மாளும் கூடச் சிரித்தாள். அப்போது சிரிக்க முடிந்தது.

முன்னணி சார்பில் உலகநாதன் சட்டசபைத் தேர்தலில் நின்றார். அதற்கு முன்னால் மாமல்லபுரத்தில் ஒற்றுமை விருந்து என்று ஒன்று நடந்தது. ஏற்பாடு குப்பத்துத் தலைவர் மாயவன், கங்காதரனின் அண்ணன். குப்பத்தாருக்கு இந்தப் பக்கம் வரிசையாக இலை போட்டார்கள், காலனிக்காரர்களுக்கு அந்தப் பக்கம். நடுவில் ஒரு வரிசை இலை போட்டு, சோறும் பரிமாறி, அதில் ஒருவரையும் உட்கார விடவில்லை. தலைவர்கள் வருவார்கள் என்றார் மாயவன். ஒரு தலைவரும் வரவில்லை. உலகநாதன் ஓரமாக ஓர் இலையில் உட்கார்ந்து படம் பிடித்ததும் எழுந்துவிட்டார், அவருக்கு அல்சராம். ஈ மொய்த்துக்கொண்டிருந்த அந்த ஆளில்லாத இலைகளுக்கு அந்தப் பக்கம் செங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஆதியம்மாள் அவளைப் பார்த்தாள். எழுந்து போய் நடுவிலைகளில் ஒன்றில் உட்கார்ந்தால் என்ன என்று தோன்றியது. தோன்றியதோடு சரி, குனிந்து சாம்பார்ச் சோற்றைப் பிசைந்தாள்.

உலகநாதன் தேர்தலில் தோற்றார். ஆனால் பெரிய கட்சிகள் கூப்பிட்டுப் பேசுகிற அளவுக்கு ஓட்டு வாங்கியிருந்தார். பேச்சுவார்த்தைக்கு முன்னணி சார்பில் யார் போவது, யார் தலைவர் என்று கேள்வி வந்தது. அங்கேதான் நாற்றம் ஆரம்பித்தது. செங்கம்மாளின் கணவன் ஏசுபாதம் கமிட்டியில் எழுந்து, "இந்த வார்த்தையே எங்க வயக்காட்டு வார்த்தை. என் மாமியார் தான் ஏத்துக்கையா நின்னவங்க. அப்ப தலைவர் பதவி எங்களுக்குத் தான்," என்றான். அவன் சொன்னது உண்மை. உண்மையைப் பதவிக்கு முட்டுக் கொடுக்க எடுத்தது அவன் தப்பு. மாயவனுக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. பதவி போவதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். மாதக்கணக்காகக் குப்பத்துக் கட்டுமரங்களில் கட்டிய கொடியில் இருந்தது காலனிக்காரர்கள் வார்த்தை என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

உலகநாதன் என்ன செய்திருக்க வேண்டும்? யாருடைய வார்த்தையாக இருந்தால் என்ன, மணலையும் புறம்போக்கையும் பாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் எண்ணிப் பார்த்தார். குப்பத்தில் ஓட்டு அதிகம். தை மாதம் கடற்கரையில் 'சொல்லின் வேர்' என்று மாநாடு ஒன்றை வைத்து, சுவரொட்டியில் இருக்கும் ஆதியம்மாளே மேடையேறி உண்மையைச் சொல்வாள் என்று அறிவித்துவிட்டார்.

மாநாட்டுக்கு இரண்டு நாள் முன்னால் குப்பத்துப் பஞ்சாயத்து கூடியது. ஆதியம்மாளை நடுவில் நிறுத்தினார்கள்.

"ஒண்ணே ஒண்ணு தான் கேக்கறேன் ஆதி. அந்த வார்த்தைய நீ எங்கேந்து எடுத்தாந்தே?" என்றார் மாயவன்.

"காலனியிலேந்து தான் மாமா. செங்கம்மா சொல்லிக் குடுத்தது."

மணலில் உட்கார்ந்திருந்தவர்களிடம் ஒரு முனகல் எழுந்தது. ஒருவன் காறித் துப்பினான்.

"இங்க சொன்னே, சரி. நாளன்னிக்கு மைக்குல அப்டிச் சொல்லக் கூடாது," என்றார் மாயவன். "கட்டுமரம் ஏத்தறப்ப நம்ம ஆளுங்க சொல்றதுன்னு சொல்லு. பாட்டன் பூட்டன் காலத்து வார்த்தைன்னு சொல்லு."

"பொய்யாச்சே மாமா."

"வேற மாரி பேசினா, கங்காதரன் மரத்தத் தள்ள ஒரு தோளும் வராது. கரையில உனக்கு ஒரு மீன் குடுக்க மாட்டாங்க. கெணத்துல தண்ணி கெடையாது. அப்பறம் நீ போய் உன் செங்கம்மா வூட்லயே இருந்துக்கோ."

கங்காதரன் ஓரமாக வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு, "ஒரு வார்த்த தானேம்மே. சொல்லிட்டு வந்துடேன்," என்றான். அவன் கெட்டவன் இல்லை. கட்டுமரத்தைத் தனியாகக் கடலில் இறக்க முடியாது என்று தெரிந்தவன்.

மறுநாள் புலவர் சுப்புராமன் குப்பத்துக்கு வந்து, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டே அவளுக்குப் பேச்சை மனப்பாடம் செய்வித்தார். உலகநாதனும் வந்திருந்தார்.

"உனக்கு எது உண்மைன்னு படுதோ அதைச் சொல்லும்மா, நான் கட்டாயப்படுத்த மாட்டேன்," என்றார். ஜீப்பில் ஏறுவதற்கு முன் திரும்பி, "ஆனா உண்மை இயக்கத்துக்கு நல்லதா இருக்கணும்," என்றார். இதைச் சொல்லிவிட்டு அந்த மனிதர் சிரித்தார்.

அவர்கள் போனதும் ஆதியம்மாள் கூடையோடு மேற்கே கிளம்பினாள். ஏரிக்கரையில் செங்கம்மாள் காத்திருந்தாள். அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தாள். செங்கம்மாள் முந்திக்கொண்டாள்.

"நாளைக்கி நானும் வரேன் கேக்கறதுக்கு. லாரி வுடறாங்களாம். எனக்கு எங்க வூட்டாளு தலைவராவறதெல்லாம் வாணாம், அவருக்குத் தான் அந்தப் பித்து. எனக்கு ஒண்ணு மட்டும் செய்யி. எங்கம்மாவுக்கு ஒரு போட்டோ கெடையாது. வயல்ல எல்லாரும் ஏத்துக்கை ஏத்துக்கைன்னு கூப்ட்டு பேரே மறந்துட்டாங்க. அமிர்தவல்லின்னு பேரு. மைக்குல அத்த ஒரு தரம் சொல்லிடுடி. போதும்."

ஆதியம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். குப்பத்துக் கிணறு, கட்டுமரம், மாயவன் எல்லாம் தொண்டைவரை வந்தன.

"சொல்றேங்க்கா," என்றாள்.

மாநாட்டில் கூட்டத்துக்குக் குறைவில்லை. மேடைக்குப் பின்னால் தட்டி கட்டி, யானையைக் கப்பலில் ஏற்றும் படம் வரைந்திருந்தார்கள். குப்பத்தார் முன்னால். காலனிக்காரர்களுக்குக் கயிறு கட்டிப் பின்னால் இடம். வெள்ளைப் புடவை உடுத்தி, தலையில் பூ வைத்து, கயிற்றை ஒட்டி முதல் ஆளாகச் செங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்கு வந்தவள் மாதிரி இருந்தாள்.

ஆதியம்மாளை மைக்குக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அமிர்தவல்லி என்ற பேர் நாக்கு நுனியில் இருந்தது. முன்வரிசையில் மாயவனுக்குப் பக்கத்தில் கங்காதரன் உட்கார்ந்து தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏத்துக்கைன்றது எங்க கடல் வார்த்த," என்றாள். "கட்டுமரம் ஏத்தறப்ப எங்க ஆம்பளைங்க சொல்றது. எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேந்து."

குப்பத்தார் கைதட்டினார்கள். பின்னாலிருந்து ஏசுபாதம், "பொய் சொல்லாத. உனக்கு இந்த வார்த்தைய யார் சொல்லிக் குடுத்தது, அதச் சொல்லு," என்று கத்தினான்.

அவள் வாயை மூடிக்கொண்டு இறங்கியிருக்கலாம். மனப்பாடம் செய்தது முடிந்துவிட்டது. உலகநாதன்கூடப் போதும் என்று கை காட்டினார். ஆனால் அவன் கேட்டதும் எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பின. குப்பத்துப் பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். தான் குடித்த சொம்புத் தண்ணீர் வரைக்கும் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

"யாரும் சொல்லிக் குடுக்கல. அவங்களுக்கு நான் தான் சொல்லிக் குடுத்தேன்," என்றாள்.

அந்தப் பொய்யை அவளுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. மாயவன் கேட்கவில்லை, புலவர் எழுதவில்லை. அவளாகச் சொன்னது. எனக்கு இந்தக் கதையில் எல்லாரையும்விட உலகநாதனைக் கண்டால்தான் ஆகாது என்றாலும், இந்த ஒரு வரியை அவர் தலையில் கட்ட முடியாது.

கைதட்டல் ஓயச் சற்று நேரம் ஆயிற்று. செங்கம்மாள் எழுந்து, புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, லாரிக்குக்கூடக் காத்திராமல் சாலையைப் பார்த்து நடந்தாள். ஆதியம்மாள் மேடைக்குப் பின்னால் போய், யானைப் படத்துத் தட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வெயில் என்று யாரோ சோடா கொண்டுவந்து கொடுத்தார்கள்.

முன்னணி அதற்கப்புறம் மூன்று மாதம் தாங்கியது. உலகநாதன் பெரிய கட்சி ஒன்றில் சேர்ந்து, ஏதோ வாரியத்தில் உறுப்பினராகிக் காரில் போனார். மாயவனுக்கு ஒரு சால்வை கிடைத்தது. ஏசுபாதம் தனியாக 'உண்மை ஏற்றுக்கை முன்னணி' என்று பலகை எழுதினான், பலகைக்குக் கீழே உட்கார ஆள் கிடைக்கவில்லை. ஓட்டல்காரர்கள் மணல்வெளியில் கம்பிவேலி போட்டார்கள். புறம்போக்கில் பதினோரு வீடுகளை இடித்துச் சாலையை அகலப்படுத்தினார்கள். ஒற்றுமையால் மிஞ்சியது ஜி.எஸ்.டி. சாலைச் சுவர்களில் வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்த அந்தப் படம்தான். சொன்னாலே வாய் கசக்கிறது.

இதெல்லாம் பிறகு நடந்தது. ஆதியம்மாள் ஏரிக்கரைக்குத் திரும்பப் போனது மாநாடு முடிந்த நாலாம் நாள். போகாமல் முடியாது, கருவாடு வீட்டில் புழுத்துவிடும். வேறு வழியாகப் போகலாம் என்று பார்த்தாள். எந்த வழியில் போனாலும் பாரத்தைக் கடைசிவரை இறக்காமல் சுமக்கக் கழுத்து இடம் கொடுக்கவில்லை. ஏரிக்கரையில் கூடையை இறக்கினாள். காலனிப் பெண்கள் நாலைந்து பேர் வாசலில் நின்று பார்த்தார்கள். ஒருத்தியும் வாங்க வரவில்லை. ஊரில் இனிமேல்தான் விற்க வேண்டும். கூடை நிறைய இருந்தது.

செங்கம்மாள் வீட்டிலிருந்து வெளியே வந்தாள். கூடைக்கு எதிரே ஒரு கை தூரத்தில் வந்து நின்றாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"கொஞ்சம் புடியேங்க்கா," என்றாள் ஆதியம்மாள்.

செங்கம்மாள் அசையவில்லை.

"புடியேன்னா இன்னா அர்த்தம்? அதுக்குப் பேர் கீதே. பேரச் சொல்லிக் கூப்டு, தூக்கி வுடறேன். கூப்ட்டா மாட்டேன்னு சொல்றது எங்கம்மாவுக்குப் பழக்கமில்ல, எனக்கும் இல்ல."

ஆதியம்மாள் வாயைத் திறந்தாள். இருபத்திரண்டு வருஷம் தினம் சொன்ன வார்த்தை. தன் குரலில், மைக்கில் கேட்ட மாதிரியே அது காதில் அடித்தது. வார்த்தை வெளியே வரவில்லை. இரண்டு மூன்று தடவை முயன்றாள். செங்கம்மாள் அவசரப்படாமல் நின்றுகொண்டிருந்தாள். அவள் உண்மையாகவே தூக்கி விடத்தான் நின்றாள். அது தெரிந்ததால்தான் ஆதியம்மாளால் முடியவில்லை.

கடைசியில் குனிந்து, கூடையிலிருந்து கருவாட்டை இரண்டு கையாலும் அள்ளி ஏரிக்கரைப் புல்லில் போட்டாள். பாதிக் கூடை காலியாகும்வரை போட்டாள். பிறகு கூடையை முழங்காலில் ஏற்றி, தொடைக்கு ஏற்றி, மார்பில் சாய்த்து, தானே தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். சாயங்காலம் அந்த வழியே திரும்பி வந்தபோது புல்லில் கொட்டியது கொட்டிய இடத்திலேயே இருந்தது. காக்கைகள் கிளறியிருந்தன, காலனியில் ஒருத்தரும் தொட்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் கருவாடு சுமந்த பதினெட்டு வருஷமும் அரைக் கூடைதான். இரண்டு நடை நடந்தாள். குப்பத்துக் கிணற்றில் தண்ணீர் கிடைத்தது. கங்காதரனின் மரத்துக்குத் தோள் கொடுக்க எப்போதும் ஆள் இருந்தது. அவளுக்குக் கூடை ஏற்றி விடவும் குப்பத்தில் எத்தனையோ பேர் தாமாக வந்தார்கள். வேண்டாம் என்றுவிடுவாள்.